உத்தரத்தின் நுனியை அடைத்துப் பூசியவன்

என் மனைவியின் அண்ணனுக்கு எல்லோரும் வைத்த பெயர் குத்தூசி. தச்சு வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குத்தூசி இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூட ஸ்டூல் போட்டு ஏறி உத்தரத்தைக் குத்திப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். நான் கொத்தனார், சுவர்தான் வீடு, மரமெல்லாம் சும்மா என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. மறைப்பானேன்?

அன்று பகல் எங்கள் வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போல் ஆரம்பித்தார். மாடியில் என் மனைவி ஆறு பெண்களோடு தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தளத்தைத் தாங்குவது மூன்று மர உத்தரங்கள். நடு உத்தரம் தெருப்பக்கச் சுவருக்குள் நுழைகிற இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது.

அவர் முகம் செத்துவிட்டது. "இதைச் சுத்தி யாரு மாப்ள சிமெண்ட் வச்சு அடைச்சது?"

நான்தான். வீடு கட்டும்போது மச்சான் உத்தரத்தைச் சுற்றிச் சுவரில் விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டிருந்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஆறு வருஷத்துக்கு முன் எறும்புகூட நுழையாதபடி நான் பூசிவிட்டேன். மழை ஈரம் சுவரில் ஊறும், மர நுனி காற்றில் காய வேண்டும், அடைக்காதே என்று அவர் அப்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டார். நான் காதில் வாங்கினால்தானே! வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே மரம் தூளாகிக் கிடந்தது.

மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கத்தாத. ஏழு பேரும் ஒண்ணா எழுந்து ஓடினா தாங்காது. ஒவ்வொருத்தரா, சுவர் ஓரமா நடத்திக் கூட்டிட்டு வா."

அவரை வெளியே போகச் சொன்னேன். கேட்கவில்லை. வாசலில் கிடந்த என் சாரக்கட்டை ஒன்றைத் தூக்கி வந்து, கீழே பலகை போட்டு, உத்தரத்துக்கு நேர் அடியில் நின்று முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொருத்தியாக எழுந்து நடந்தார்கள். கீழே அவர் கட்டைக்கு அடியில் ஆப்பை மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓங்கி அடித்தால் அந்த அதிர்விலேயே உத்தரம் இறங்கிவிடும். நாலாவது பெண் கத்தரிக்கோலை மறந்துவிட்டேன் என்று திரும்பினாள். எனக்கு உயிரே போய்விட்டது. என் மனைவி கடைசி ஆளாகத்தான் வருவேன் என்று நின்றாள். அவள் படியிறங்கி முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

முட்டு இறுகிய பிறகுதான் மச்சான் வெளியே வந்தார். இற்ற பகுதியை அறுத்துப் புது மரம் கோக்க வேண்டும், அறுத்த முகத்தில் தார் பூச வேண்டும், சுவரில் மழைத் தண்ணீர் வழியாமல் குழாயை நீட்ட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சட்டென்று நிறுத்தினார்.

"இதே மாதிரி வெளில எத்தனை வீட்ல அடைச்சிருக்க?"

நேர்த்தியான பூச்சு என்றால் நான்தான் என்று பெயர் வாங்கியவன். விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கை போதவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரிங்க," என்றாள் என் மனைவி. "அதுல எந்த வீட்டு மாடில குழந்தைங்க இருக்கு? முதல்ல அங்க போங்க."