செல்வி போட்ட சொதசொத இறால்

இன்று மாலை ராயபுரத்தில் என் தம்பி மனைவி செல்வி வறுவல் கடை போட்டாள். தம்பிக்கு மணலியில் வேலை போய்விட்டதால் இனி அந்தத் தள்ளுவண்டிதான் அவர்களுக்குச் சோறு.

போய்ப் பார்த்தேன். பஜ்ஜிக்குக் கரைப்பதுபோல மதியமே ஒரு குண்டான் மாவு கரைத்து வெயிலில் வைத்திருந்தாள். ஈரம் சொட்டும் இறாலை அதில் முக்கிப் போட்டாள். வந்தது சொதசொதவென்று.

ஆட்டோக்காரர் ஒருவர் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இறாலுக்கு ஸ்வெட்டர் போட்டு குட்த்துக்கிறே?" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்.

செல்வியின் முகம் சுண்டிப்போயிற்று. "மாமா, நீங்களே சொல்லுங்க, இன்னா தப்பு?"

எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தராமல், கெடுத்துக் கெடுத்துக் கற்றது. அரிசி மாவும் மைதாவும் சரிபாதி. எண்ணெய் காய்ந்த பிறகுதான் மாவில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். இறாலைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்போதுதான் லேசாக, மொறுமொறுவென்று வரும்.

ஆனால் போன காணும் பொங்கலன்று என் வறுவலைத் தட்டோடு நாய்க்கு வைத்தவள் இவள்.

ஒரு தட்டு முழுக்கத் தின்றேன். "சூப்பர்மா. அந்தாளுக்கு நாக்கு செத்துப்பூடுச்சு. நாளிக்கு மாவை காலீலயே கரைச்சு வச்சுடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

பக்குவத்தை மேலே எழுதிவிட்டேன், யார் வேண்டுமானாலும் செய்து பாருங்கள். செல்வியை இங்கே பிளாக் செய்து வெகு நாளாகிறது. அவளுக்கு அனுப்பிவைக்கப் போகும் நல்லவர் யார்? கமெண்டில் பெயரைச் சொல்லுங்கள், உங்களையும் அவளோடு பிளாக்கில் சேர்த்துவிடுகிறேன்.