அத்தை கொடுத்த கத்தி

மற்ற கப்பல்காரர்கள் விடுப்பில் வரும்போது சோப்பும் செண்டும் கொண்டுவருவார்கள். எங்கள் அப்பா பழைய மடக்குக் கத்திகளைக் கொண்டுவந்தார். சரக்குக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் பழைய சாமான் கடையைத் தேடிப் போய்விடுவாராம். மான்கொம்புப் பிடி, எலும்புப் பிடி, பித்தளைப் பிடி என்று சேர்ந்தவற்றையெல்லாம் முன்னறையில் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, விரித்தபடி அடுக்கியிருந்தார். மேலே திருஇருதய ஆண்டவர் படம், கீழே கத்திகள். “வாரவன் கும்புடுததா, ஓடுததா?” என்று அம்மா கேட்பாள்.

யார் வந்தாலும் அப்பா கத்தி காட்டாமல் விடமாட்டார். ஆனால் கையில் கொடுக்க மாட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தட்டில் வைப்பார், வந்தவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

அதே முன்னறையில்தான் அத்தையையும் பெண் பார்த்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்பா விடுப்பில் வந்தாலே போதும், எங்கிருந்தாவது ஒரு கூட்டம் வந்து மக்ரூன் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடும். பக்கத்து வீட்டு நாற்காலிகளை இரவல் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக எங்களுக்கே அலுத்துப்போயிற்று. அத்தை அதே நீலப் பட்டுச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே கொட்டாவி விடுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

புன்னைக்காயலிலிருந்து வந்த இடம் மட்டும் அமைந்துவிடும் போலிருந்தது. அப்பா மறுபடி கப்பலேற வேண்டிய நேரம். இதுவும் தட்டிப்போனால் அடுத்த விடுப்புவரை ஒன்றும் நடக்காது. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மாதான் பேசினார்.

“இங்கன வெளிச்சத்துக்கு வா தாயி.”

அத்தை வந்து நின்றாள்.

“திரும்பு, முடியப் பாப்போம்.”

திரும்பினாள். எனக்கு அந்த அம்மாள்மேல் எரிச்சல் வந்தது.

“கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்கெல்லாம் போவ வேண்டாம், என்ன?”

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, “அதெல்லாம் விட்டுருவா” என்றார்.

பிறகு அந்த அம்மாளின் கண் அலமாரிமேல் விழுந்தது. “இது என்ன, இவ்வளவு கத்தி?” என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். தட்டு எடுத்துவரச் சொல்லி என்னை அடுக்களைக்கு விரட்டினார்.

நான் தட்டோடு திரும்பி வாசல்நிலையில் கால் வைக்கிறேன், அத்தை அலமாரியைத் திறந்து மான்கொம்புக் கத்தியை எடுத்துவிட்டாள். “பிடிங்க மாமி” என்று நீட்டினாள். பேச்சு வாக்கில் அந்த அம்மாளும் கைநீட்டி வாங்கிவிட்டார்.

“சேசுவே! கையிலயா குடுக்க?”

அந்த அம்மாள் கையை உதற, கத்தி கீழே விழுந்தது. அப்புறம் அவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பா வாசல்வரை பின்னாலேயே போய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கார் போய்விட்டது.

“கூறு இருக்கா ஒனக்கு? தட்டுதான் வருதுல்லா!” என்று அம்மா கத்தினாள். வெங்காயம் நறுக்குகிற கத்தியைக்கூடத் தரையில் வைத்து, எடுத்துக்கோ என்று சொல்கிறவள் அத்தை. “மறந்துட்டேன் மைனி” என்றாள். அப்பா திரும்பி வந்து, கத்தியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

அத்தை இரவல் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் தொடாத மக்ரூனை ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தாமதித்ததால்தான் இவளுக்குக் கல்யாணம் நின்றது என்று தோன்றியது. பக்கத்தில் போய், “அடுத்த தடவ நான் ஓடியே வந்துருதேன் அத்தை” என்றேன்.

அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ மெதுவாவே வா” என்றாள்.

நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து சொல்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.