வலி நின்றுபோன மதியம்

அப்போது நான் நர்ஸ் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெங்களூரில் பிரேசர் டவுன் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வலியைப் பற்றிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையானது. அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி. இருக்கிறது என்றால் இருக்கிறது, சந்தேகப்படக் கூடாது. எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண்ணாகக் கேட்க வேண்டும். எனக்கு இந்த விதி பிடித்திருந்தது. நோயாளியை நம்பினால் போதும் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு அக்கா வந்தார். தொம்மலூரில் வீடு, வைட்ஃபீல்டில் ஏதோ ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கூனியபடிதான் நடந்தார். ரெண்டு நாளாக வயிற்று வலியோடே பஸ் ஏறி வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

“பத்துக்கு எவ்ளோக்கா வலிக்குது?” என்று கேட்டேன்.

“இன்னா சிஸ்டர், பரீட்சையா வெக்கிற? முந்தாநேத்து தொப்புள்கிட்ட ஆரம்பிச்சுது. இப்ப இங்க வந்து உக்காந்துகினு சுருக்கு சுருக்குனு குத்துது. இரும முடியல.” வலது அடிவயிற்றை ஒற்றை விரலால் காட்டினார்.

டூட்டி டாக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடல்வால் வீக்கமாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்ததும் பார்ப்போம் என்றார். டிரிப்ஸ் போடச் சொன்னார். அதற்குள் ஒரு விபத்து கேஸ் வந்துவிட, கீழே ஓடினார். ஸ்கேனுக்கு முன்னால் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். அக்கா பக்கவாட்டில் சுருண்டு படுத்து முனகிக்கொண்டே இருந்தார்.

மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்த நேரம். “சிஸ்டர்!” என்று கூப்பிட்டார். திரும்பினால் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கிறார்.

“வலி போயிடுச்சி சிஸ்டர். சுத்தமா இல்ல.”

“மாதாவே,” என்று கணவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “நான் போய் ஆட்டோ பாக்குறேன்,” என்று கிளம்பியும்விட்டார். எனக்கும் சந்தோஷம்தான். சிரித்துக்கொண்டேதான் நாடி பார்க்க அவர் கையைப் பிடித்தேன்.

கை சில்லென்று இருந்தது. வேர்த்து ஈரமாக இருந்தது. நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. “படுங்கக்கா, ஒரு தரம் பாத்துடறேன்” என்று வயிற்றில் கை வைத்தேன். காலையில் தொட்டபோது இருந்த வயிறு இல்லை அது. பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது, உதட்டில் ரத்தமே இல்லை.

வீங்கிய குடல்வால் வெடித்துவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து வலி கொஞ்ச நேரம் அடங்கிப்போகும் என்று எப்போதோ படித்திருந்தேன். அந்த நேரத்தில் சீழ் வயிறு முழுக்கப் பரவிக்கொண்டிருக்கும். படித்ததுதான், பார்த்ததில்லை. அவர் இல்லை என்கிறார். இல்லையென்றால் இல்லை என்றுதானே நான் நம்ப வேண்டும்? நான் நினைப்பது சரியென்றால் இந்த அக்கா சிரித்தபடியே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். எது சரியாக இருந்தாலும் பயமாகத்தான் இருந்தது.

கணவர் திரும்பி வந்தார். “ஆட்டோ நிக்குது, ஏந்திரு.” அக்கா காலைத் தரையில் வைத்து செருப்பைத் தேடினார்.

“அண்ணா, கொஞ்சம் இருங்க. டாக்டர் வந்து பாத்துடட்டும்.”

“வலியே இல்லன்றா. அப்புறம் எதுக்கு சிஸ்டர் புடிச்சி வெக்கிறீங்க?”

அக்காவின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டாக்டருக்குப் போன் போட்டேன். பின்னால் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. வயிற்று வலி கேஸுக்கு வலி நின்றுவிட்டது என்றேன்.

“நோவில்லா அந்தரெ ஒள்ளேதல்வா?” என்று கன்னடத்தில் கேட்டார். வலி இல்லையென்றால் நல்லதுதானே என்று.

“இல்ல டாக்டர். அதுதான் எனக்கு பயமா இருக்கு. வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

“பந்தே,” என்றார். வந்துவிட்டேன் என்று சொன்னதுபோலவே மாடிப்படியில் ஓடிவந்தார். வயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது. அங்கிருந்தே சர்ஜனைக் கூப்பிட்டார்.

ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளினேன். லிஃப்டுக்குள் அக்காவுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. “குளுருது சிஸ்டர்,” என்றார். பல் கிட்டிக்கொண்டது. போர்வையை இழுத்துவிட்டேன். லிஃப்ட் கதவு திறப்பதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கணவர் உட்காரவே இல்லை. “போயிடுச்சின்னுதான சொன்னா,” என்று திரும்பத் திரும்ப என்னிடம் சொன்னார். “சிரிச்சாளே சிஸ்டர்.”

குடல்வால் வெடித்துத்தான் இருந்தது. வயிறு முழுக்கக் கழுவ வேண்டியிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தபோது அக்கா பாதியாக இளைத்திருந்தார். தையல் போட்ட இடம் எரிகிறது என்று அழுதார், என்னைத் திட்டினார். ஊசி போட்டுவிட்டு, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன். எனக்குத் தைரியம் வந்தது அப்போதுதான்.

வீட்டுக்குப் போகும் நாளில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு நான் கெளம்பி இருப்பேன் சிஸ்டர், தெரியுமா? செருப்புகூட மாட்டிட்டேன்.”

“அப்புறம் ஏங்க்கா போகல?”

“உன் மூஞ்சியப் பாத்தேன். பேய பாத்தா மாதிரி நின்ன. வலி போன எனக்கு பயமே இல்ல, இந்தப் பொண்ணு எதுக்கு இப்டி பயப்படுதுன்னு தோணிச்சி. அதான் உக்காந்துட்டேன்.”

நோயாளி முன்னால் பயத்தை முகத்தில் காட்டக் கூடாது என்பதுதான் எங்களுக்கெல்லாம் பாடம். நான் அன்று மறைக்க முயன்றதாகத்தான் ஞாபகம். முடியவில்லை போலிருக்கிறது.