அப்பா ஒப்புப் போட்ட சான்றிதழ்

ஓடிப்போய்க் கல்யாணம் செய்வதற்கும் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் காதலித்தவன் துபாயிலிருந்து பதினைந்து நாள் லீவில் வந்திருந்தான். அதற்குள் வீட்டுக்குத் தெரியாமல், வெளிநாட்டுக்காரர்களுக்கும் ஒரே நாளில் கல்யாணத்தைப் பதிந்து தரும் ஜார்ஜியா நாட்டுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாகத் திட்டம். டிக்கெட், ஓட்டல், பட்டுச்சேலை எல்லாம் நான்தான் ஓடி ஓடிப் பார்த்தேன். கல்யாணமாகாதவர் என்று ஆளுக்கொரு சான்றிதழ் வேண்டும் என்றார் பயண ஏற்பாடு செய்த ஏஜென்ட்.

எங்கள் கிராம நிர்வாக அலுவலர் மனுவைப் புரட்டிவிட்டு, "அப்பாட்ட ஒரு ஒப்பு வாங்கீட்டு வா மக்ளே" என்றார். வெளிநாட்டு வேலைக்கு என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். வயலிலிருந்து வந்தவர் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவனும் அவன் அப்பாவிடம் வாங்க வேண்டும். நாலு நாள் இழுத்தான். ஐந்தாம் நாள், "அப்பா மொகத்தப் பாத்து கேக்க முடியல்லட்டி" என்று போனில் அழுதான். ஆண்பிள்ளை! லீவு முடியும் முன்பே துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான்.

சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்று சொல்லித்தான் தந்தார் அந்த அலுவலர். ஏழு வருடமாகிறது. அதில் ஒரு எழுத்துகூட இன்னும் பொய்யாகவில்லை.