பன்னிரண்டு ஆண்டு பொறுக்காதவர்கள்: பிரெடெரிசியாவில் ஜூலை ஆறு

இந்த ஜூலையில், டென்மார்க்கில் நான் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து தம்பி இருக்கும் பிரெடெரிசியாவுக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்கப் போனேன் என்றால் பாதிப் பொய். தம்பியின் மகள் நிரோஜா, ஓல்போர்க் மருத்துவமனையில் வேலை செய்யும் கெவினைக் கட்ட விரும்புகிறாள். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணம், இரண்டும் கத்தோலிக்கம். சாதி மட்டும் வேறு. "மச்சாள், ஒருக்கா வந்து கதையுங்கோ. உங்கட தம்பி ஆற்ற சொல்லும் கேக்கிறாரில்லை" என்று தம்பியின் மனைவி தொலைபேசியில் அழுதாள்.

ரயிலில் இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒருவழிக் கட்டணம் இருநூறு குரோனரை ஒட்டி வரும். முன்கூட்டியே எடுத்தால் மலிவு. நான் வழக்கம்போல் கடைசி நேரத்தில் எடுத்தேன். நிலையத்திலிருந்து ஊரின் போர் நினைவுச் சின்னமான படைவீரன் சிலைக்கு இருபது நிமிட நடை. ஜூலை ஆறு, ஊர் தன் பழைய போர் வெற்றியைக் கொண்டாடும் நாள். எங்கு பார்த்தாலும் கொடி.

சிலையடியில் தம்பி நின்றான், சட்டையில் கொடி குத்தி, பிறந்த நாளிலிருந்தே டேனிஷ்காரன் என்ற மிடுக்கோடு. பக்கத்தில் நிரோஜா. என்னைக் கண்டதும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்க விடாமல் சரித்திரம் தொடங்கினான்.

"இது உள்நாட்டுப் போர், அக்கா, எங்கட மாதிரி. தெற்கில ரெண்டு மாகாணம் அரசருக்கு எதிரா எழும்பினது. இந்த ஊரை முற்றுகை போட்டவங்கள். உள்ள இருந்தவை வெளியால வந்து அடிச்சுக் கலைச்சவை."

விடுவேனா? கோப்பன்ஹேகன் கண்காட்சி ஒன்றில் பார்த்த மற்றக் கதையை நான் எடுத்தேன். டென்மார்க்குக்குக் கரீபியனில் தீவுகள் இருந்தன, அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள். 1847இல் அரசர் ஓர் அறிவிப்பு விட்டார்: இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர், மற்றவர்கள் பன்னிரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். அடுத்த ஆண்டு இங்கே தம்பி சொன்ன இதே போர் மூண்டது. தலைநகரின் கவனமும் கப்பலும் காசும் போருக்குப் போயின. அந்த ஜூலையில் செயின்ட் குரோய் தீவின் அடிமைகள் கோட்டை வாசலில் திரண்டு, விடுதலை தராவிட்டால் ஊரைக் கொளுத்துவோம் என்றார்கள். ஆளுநர் கோப்பன்ஹேகனின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஜூலை மூன்றாம் திகதி எல்லோரும் சுதந்திரர் என்று அறிவித்தார். அவர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டதைத்தான் அவர் அறிவித்தார் என்பது என் கட்சி. பிறகு ஆண்டு ஒப்பந்தம் போட்டு அவர்களைத் தோட்டத்திலேயே கட்டிப்போட்டது வேறு கதை.

தம்பி கொதித்துப் போனான். உண்மையாகவே கொதித்தான், அவன் மனம் கல் இல்லை.

"பன்னிரண்டு வருஷமோ! ஆரக்கா பொறுப்பினம்? மனிசரை மனிசரா மதிக்கிறதுக்குத் தவணை சொல்லுறதோ?"

நிரோஜா டேனிஷில் கேட்டாள்: "அப்பா, நாங்கள் எத்தனை வருஷம்?"

தம்பியின் முகம் சுண்டிப்போனது. "அது வேற, இது வேற. ஊரில எங்கட பெரியப்பா இருக்கிறார், சாதி மாறிக் கட்டினா தாங்கமாட்டார். அவற்ற காலம் முடியுமட்டும் பொறுங்கோ எண்டுதானே சொல்லுறன்."

"பெரியப்பா நூறு வயசு இருக்கட்டும். அதுக்கு இவள் ஏன் கிழவியாகோணும்?" என்றேன்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எங்கள் ஊரிலும் இதைத்தான் சொன்னார்கள். முதலில் சண்டை முடியட்டும், சாதியைப் பிறகு பார்ப்போம். சண்டை முடிந்து எத்தனையோ ஆண்டாயிற்று. வீடு இடிந்தது, கோயில் இடிந்தது. சாதியில் ஒரு கீறல் இல்லை. எங்களோடு விமானமும் ஏறி வந்துவிட்டது. போர் யாரையும் விடுவிப்பதில்லை. அதைச் சாட்டாக வைத்துச் சிலர் பொறு என்பார்கள். அந்த இடைவெளியில் சிலர் பொறுக்க மறுப்பார்கள். செயின்ட் குரோய்க்காரர் இரண்டாவது வகை.

நிரோஜாவும் அப்படித்தான். எப்போதும் டேனிஷில் பதில் சொல்லும் பெண், அன்று தமிழில் சொன்னாள்:

"நாங்கள் கேக்கேல்ல, அப்பா. சொல்லுறம். ஓகஸ்ட்டில நகர மண்டபத்தில கலியாண எழுத்து, காலமை பதினொரு மணிக்கு. நாள் எடுத்தாச்சு."

ஊர்வலம் வந்தது; மேளச் சத்தத்தில் தம்பி என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் கொடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தான்.

நீங்கள் போவதானால்: ஜூலை ஆறில் நகர மையத்துக்குள் கார் கொண்டுபோகாதீர்கள், வீதிகள் அடைபட்டிருக்கும். பழைய கோட்டை மேட்டில் நடக்கக் கட்டணமில்லை. புல் வழுக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள். கோடை என்று நம்பி மழைச் சட்டையை விட்டுப்போக வேண்டாம். சிலையடியில் நிற்கும்போது அதே போர்க்காலத்தில் கடலுக்கு அப்பால் எழும்பியவர்களையும் ஒரு நிமிடம் நினையுங்கள், அவர்களுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

கல்யாண எழுத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருத்தி நான். மற்ற இடத்தைத் தம்பிக்கு வைத்திருக்கிறோம். அவன் வராவிட்டால் வாசலில் போகிற யாரையாவது கூப்பிடுவோம்; பதினொரு மணி பதினொரு மணிதான்.