பதினொன்றாவது பெயர்

1995 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. தெற்கிலிருந்து சூடான மணற்காற்று வீசி, பலெர்மோ வானம் மஞ்சளாகக் கிடந்தது. அன்று மாலை மரித்தோர் மாதப் பூசையில் வாசிக்கவேண்டிய பெயர்களை, சனங்கள் தந்த கடித உறைகளிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் அது என் வேலை. இருபத்தேழாவது உறை, பல்லரோச் சந்தைப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரருடையது. நான்கு வருடமாக அவர் ஒரு பெயரும் தந்ததில்லை. இம்முறை பதினொன்று. பத்துப் பேரை எனக்குத் தெரியாது. பதினொன்றாவது அவருடைய சொந்தப் பெயர்.

பிழை என்னுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானியர் ஒருவர் எழுதிய நாவலை, வியா மக்வேதா தெருவில் ஆங்கிலத்தில் வாங்கியிருந்தேன். ஞாயிறுகளில் அவர் வெங்காயம் வெட்ட, நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். பர்மாக் காட்டிலிருந்து தனியே திரும்பிய சிப்பாய் ஒருவன், செத்துப்போன தன் அணியினரின் பெயர்களை ஒவ்வொரு காலையும் கூப்பிடுகிறான். பட்டியலின் கடைசியில் தன் பெயரையும் கூப்பிட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நிற்கிறான். அந்த இடத்தில் மன்னார்க்காரர் கத்தியைக் கீழே வைத்தார். அவரும் துவக்குத் தூக்கியவர் என்று ஊகித்திருந்தேன், கேட்டதில்லை. அத்தியாயம் முடிய இன்னும் மூன்று பக்கம் இருந்ததால் நிறுத்தாமல் வாசித்தேன்.

அவர் நகரத்துக்கு வெளியே, பகேரியாவில் ஒரு பழைய மாளிகையைத் தனியாகக் காவல் காத்தார். ரயிலுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. இந்த நகரத்தில் முதல்முறையாக டாக்ஸி பிடித்தேன்.

தோட்டத்துக் கிணற்றுக் கட்டின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். சப்பாத்துகள் சோடியாகக் கீழே. ஒன்றுக்குள் அறைக் கதவின் திறப்பு, மற்றதற்குள் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதிப் பத்திரம்.

“மாஸ்டர், பூசைக்குப் போகேல்லையோ?” என்றார், திரும்பாமல். ஊரில் படிப்பித்தவன் என்பதால் அவருக்கு நான் மாஸ்டர்.

“உம்மடை பெயரை வாசிக்கேலாது. உயிரோடை இருக்கிறவருக்கு அந்தப் பூசை இல்லை.”

“அந்த யப்பான்காரன் கடைசியிலை என்ன செய்தவன்?”

“தெரியாது. இன்னும் முப்பத்தாறு பக்கம் கிடக்கு.”

“எண்ணிப்போட்டியள்.”

“ஓம்.”

“நீங்கள் எண்ணாமல் விடுவியளே” என்றார். பிறகு மெதுவாகச் சப்பாத்தை எடுத்தார்.

நான் சொன்னது பொய். எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பவன் நான். அந்தச் சிப்பாய் என்ன செய்தான் என்று வாங்கிய அன்றே எனக்குத் தெரியும்.

அன்றைய பூசையில் அவருடைய உறையிலிருந்து பத்துப் பெயர்களே வாசிக்கப்பட்டன. அடுத்த நாளிலிருந்து நாளுக்கு இரண்டு பக்கம் சொன்னேன். கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லவில்லை. அதைத் திறந்து வைத்துக்கொண்டே, அதில் இல்லாததை மார்கழி முழுவதும் சொன்னேன். நான் தாளைப் புரட்டாததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரவில் அவர் அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு நித்திரை வருவதில்லை.

புத்தகம் நாலாயிரம், டாக்ஸி நாற்பத்தீராயிரம், திரும்பிவர இருவருக்கும் ரயில் நாலாயிரத்து அறுநூறு. மொத்தச் செலவு ஐம்பதாயிரத்து அறுநூறு லீரா.