மூச்சு விட்ட கை

பாம்பு கடித்ததா இல்லையா என்பதை எங்கள் வீட்டில் வேப்பிலைதான் முடிவு செய்யும். கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதே நியாயம்தான். எனக்கு ஒன்பது வயது. விடிந்து பாயைச் சுருட்டினால் அடியில் கட்டுவிரியன். என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆத்தா ஒரு கொத்து வேப்பிலையை என் வாயில் திணித்து, "கசக்குதாடி?" என்றாள். கசந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தம். நன்றாகவே கசந்தது. "கசக்குது" என்றேன். என்னைப் பெற்ற ஆத்தா அப்போது விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் என் இமைகள் தாமாக விழுந்தன. பள்ளிக்கூடம் போகச் சோம்பல், நடிக்கிறாள் என்று சித்தப்பா கேலி செய்தார். பதில் சொல்ல நாக்கு எழும்பவில்லை. கழுத்து தொங்கிய பிறகுதான் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியபோது எனக்கு மூச்சு நின்றது. நின்றதை நானே உணர்ந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். காது மட்டும் விழித்திருந்தது. தொண்டைக்குள் ஒரு குழாய் இறங்கியது. யாரோ எதையோ அமுக்க என் நெஞ்சு எழுந்தது, விட்டால் அடங்கியது. விஷத்துக்கு ஊசி போட்டாயிற்று, மூச்சு தானாகத் திரும்பும்வரை இந்த ரப்பர்ப் பையை ஆள் மாற்றி ஆள் அமுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது கேட்டது. கண் திறக்காமலே, அமுக்குவது யார் என்று கண்டுபிடித்தேன். அப்பா விட்டது அவசர மூச்சு. சித்தப்பா நடுநடுவே மறந்துவிடுவார். அந்த இடைவெளிகளில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

மத்தியானம் ஊர்ச்சனம் வந்தது. யாரோ என் காலைத் தொட்டுப் பார்த்து, சில்லிட்டுப் போச்சு, பிணத்துக்குக் காற்றடிக்கிறார்கள் என்றார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். நான் உள்ளுக்குள் கத்தினேன். உதடு அசையவில்லை. அப்போது ஆத்தாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"போதுங்க. எம்புள்ளைய இப்புடி வதைக்காதீங்க. விட்டுருங்க, தூக்கிட்டுப் போறோம்."

பை நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓசைகள் எல்லாம் தூரமாகப் போயின. பிறகு செருப்புச் சத்தம் ஒன்று ஓடிவந்தது. ஒரு மூச்சு உள்ளே இறங்கியது. டாக்டரம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"கட்டை அவுத்து விடுங்க மொதல்ல. இருதயம் நல்லா ஓடுது, மூச்சு மட்டும்தான் இல்ல. நீங்க பேசுறதெல்லாம் அவளுக்குக் கேக்கும்மா."

அதன்பின் யாரும் பேசவில்லை. ஒரு புதுக் கை பையை வாங்கிக்கொண்டது. அதில் அவசரமும் இல்லை, மறதியும் இல்லை. மறுநாள் நான் விரலை அசைக்கும்வரை அந்தக் கை மாறவே இல்லை. டாக்டரம்மாவின் கை என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாருக்கு அவ்வளவு பொறுமை?

வீடு திரும்பிய பிறகு ஆத்தாவோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவளாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சாடி?"

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, சொல்லவே கூசுகிறது. அந்த மாதம் முழுக்கச் சித்திதான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். விட்டுவிடச் சொன்னவள்தானே, எப்படி ஊட்டுவாள் என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஆத்தாவின் வலது கை மணிக்கட்டுவரை வீங்கி, விரல்கள் மடங்காமல், எருக்கிலை வைத்துக் கட்டியிருந்தது. பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.